வாரத்துக்கு எத்தனை முறை போகிறாய்? ஐஸ்லாந்து தன் பிள்ளைகளின் மாலை நேரத்தைக் கணக்கெடுத்த விதம்

தாளில் எழுதி வாங்கிய காலத்தின் ஒரு பிப்ரவரி மாதம், காலை எட்டரை மணி. ரெய்க்யவிக் நகரில் வெளியே இன்னும் இருட்டு. சூரியனைப் பார்க்க ஒன்பதரை தாண்ட வேண்டும். பத்தாம் வகுப்பில் பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆளுக்கொரு தடித்த வினாத்தாள், கூடவே மேலே எதுவும் எழுதாத ஓர் உறை. பெயர் எழுதக் கூடாது, அடையாள எண் எழுதக் கூடாது. எழுதி முடித்ததும் பிள்ளையே தாளை உறைக்குள் போட்டு ஒட்டிக் கொடுக்க வேண்டும். யார் எதை எழுதினார்கள் என்பது ஆசிரியருக்குத் தெரியவே தெரியாது.

குடிக்கிறாயா, புகைக்கிறாயா, வீட்டில் அப்பா அம்மாவோடு எவ்வளவு நேரம் இருக்கிறாய், இரவு எத்தனை மணிக்குத் திரும்புகிறாய் என்று கேள்விகள் நீளும். அவற்றுக்கு நடுவில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. விளையாட்டுக் கிளப்பில் எவ்வளவு அடிக்கடி பயிற்சி செய்கிறாய் என்பது ஒன்று. கிளப் இல்லாமல் நீயாக எவ்வளவு அடிக்கடி விளையாடுகிறாய் என்பது இன்னொன்று. மேலோட்டமாகப் பார்த்தால் ஒரே கேள்வியை இரண்டு முறை கேட்டதுபோல இருக்கும். இந்தக் கட்டுரையை நான் எழுத உட்கார்ந்ததே இந்த இரண்டையும் தனித்தனியாகக் கேட்டதற்காகத்தான்.

வளரிளம் பருவத்துப் பிள்ளைகள் ஊரில் ஒழுங்காக நடக்கும் விளையாட்டு, இசை, சாரணர், மன்றம் போன்றவற்றில் எவ்வளவு பங்கெடுக்கிறார்கள் என்பதை எப்படி அளப்பது? பல நாடுகள் இதற்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிடும்: இத்தனை ஆயிரம் பேர் பதிவு செய்திருக்கிறார்கள். ஐஸ்லாந்து அதோடு நிற்காததால்தான் கணக்கெடுப்பைப் பற்றி யோசிக்கிற யாருக்கும் அந்தச் சின்ன நாடு பாடமாக இருக்கிறது.

தொண்ணூறுகளின் வார இறுதிகள்

1990-களில் ரெய்க்யவிக் நகர மையத்தில் வெள்ளி, சனி இரவுகளில் பள்ளிப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாகக் குடித்துவிட்டு நிற்பது வழக்கமான காட்சி. 1998-ல் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளில் 42 சதவீதம் பேர், கடந்த முப்பது நாளில் ஒரு முறையாவது போதை ஏறும் அளவுக்குக் குடித்ததாகச் சொன்னார்கள். தினமும் புகைத்தவர்கள் 23 சதவீதம். கஞ்சாவைத் தொட்டுப் பார்த்தவர்கள் 17 சதவீதம். இருபது பேர் இருக்கும் வகுப்பில் எட்டுப் பேர் அந்த மாதம் போதையில் இருந்திருக்கிறார்கள் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். மொத்த மக்கள்தொகையே அப்போது மூன்று லட்சத்தைத் தொடாத நாடு அது. இதை வேறு யாரோ வீட்டுப் பிள்ளைகளின் பிரச்சினை என்று யாராலும் தள்ளி வைக்க முடியவில்லை.

2016-ல் அதே வயதுப் பிள்ளைகளிடம் அதே கேள்விகளைக் கேட்டபோது போதை 5 சதவீதம், தினப்புகை 3 சதவீதம், கஞ்சா 7 சதவீதம். எட்டுப் பேர் போதையில் இருந்த அந்த இருபது பேர் வகுப்பில் இப்போது ஒருவர்.

இந்தச் சரிவைத்தான் உலகம் முழுக்கப் பேசினார்கள். எனக்கு அதற்கு முன்னால் நடந்த வேலைதான் முக்கியமாகப் படுகிறது. 1992 முதலே ஐஸ்லாந்துப் பள்ளிகளில் இந்தக் கணக்கெடுப்பு நடந்தது. பிறகு 1995, 1997 என்று தொடர்ந்தது. சமூகவியலாளர்கள் தோரோல்ஃபுர் தோர்லிண்ட்சன், இங்கா தோரா சிக்ஃபூஸ்தோத்திர் போன்றவர்கள் அந்தத் தாள்களை வைத்துக்கொண்டு ஒரே ஒரு விஷயத்தைத் தேடினார்கள். குடிக்கிற பிள்ளைக்கும் குடிக்காத பிள்ளைக்கும் அன்றாட வாழ்க்கையில் என்ன வித்தியாசம்? நான்கு விஷயங்கள் திரும்பத் திரும்பத் தலைகாட்டின. வாரத்துக்கு மூன்று, நான்கு முறை ஒழுங்கான ஒரு செயல்பாட்டுக்கு, அதிலும் விளையாட்டுக்குப் போவது. வாரநாட்களில் பெற்றோரோடு கழிக்கும் நேரம். பள்ளியில் தன்மேல் அக்கறை காட்ட ஆள் இருக்கிறது என்ற உணர்வு. இரவில் வெகுநேரம் வெளியே சுற்றாமல் இருப்பது.

1991-லிருந்து ஐஸ்லாந்துக்கு வந்துபோன அமெரிக்க உளவியலாளர் ஹார்வி மில்க்மன், போதை தரும் கிளர்ச்சியை நடனம், இசை, விளையாட்டு வழியாக இயல்பாகவே உடம்புக்குக் கொடுக்கலாம் என்று சொல்லிவந்தார். அந்த யோசனையும் இதோடு சேர்ந்தது. 1999-ல் இந்தக் கணக்கெடுப்புக்கென்றே ரெய்க்யவிக்கில் தனி ஆய்வு மையம் அமைந்தது.

சட்டங்களும் மாறின. 1997-ல் இயற்றிய சட்டத்தால், வயது வந்தவர் என்று கருதும் வயது 16-லிருந்து 18-க்கு உயர்ந்தது. குளிர்காலத்தில் 12 வயது வரை உள்ளவர்கள் இரவு எட்டு மணிக்குப் பிறகும், 13 முதல் 16 வயது வரை உள்ளவர்கள் பத்து மணிக்குப் பிறகும் பெரியவர் துணையில்லாமல் வெளியே இருக்கக் கூடாது. மே முதல் தேதியிலிருந்து செப்டம்பர் வரை, இரவே வராத அந்தக் கோடைக்கு இரண்டு மணி நேரம் சலுகை. சரி, சட்டத்தை இதோடு விட்டுவிட்டுக் கணக்குக்கு வருவோம்.

ஒரே தெருவில் மூன்று பிள்ளைகள்

ஒரு தெருவில் மூன்று பிள்ளைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் பெண் கால்பந்துக்கும் போகிறாள், ஹேண்ட்பாலுக்கும் போகிறாள். (2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வெள்ளி வாங்கிய நாடு அது, ஹேண்ட்பால் அங்கே பெரிய விஷயம்.) இரண்டாவது பையன் செப்டம்பரில் கூடைப்பந்துக்குப் பெயர் கொடுத்துவிட்டு நவம்பரில் நின்றுவிட்டான். மூன்றாவது பையன் எந்தக் கிளப்பிலும் இல்லை, ஆனால் தினமும் சாயங்காலம் பள்ளி மைதானத்தில் நண்பர்களோடு பந்து உதைக்கிறான்.

இவர்களை மூன்று விதமாக எண்ணலாம். நாட்டின் ஒலிம்பிக், விளையாட்டுச் சங்கம் வருடாவருடம் கிளப்புகளிடமிருந்து வாங்கும் பதிவுக் கணக்கு ஒன்று. அதில் முதல் பெண் இரண்டு விளையாட்டிலும் ஒவ்வொரு முறை எண்ணப்படுவாள். அதனால்தான் அங்கே பங்கேற்பவர்களின் எண்ணிக்கை வேறு, பங்கேற்புகளின் எண்ணிக்கை வேறு என்று பிரித்தே சொல்கிறார்கள். நின்றுபோன பையனும் அந்த வருடக் கணக்கில் உறுப்பினராகவே இருப்பான்.

இரண்டாவது, நகராட்சி கொடுக்கும் உதவித்தொகையின் கணக்கு. 2007-ல் ரெய்க்யவிக் நகராட்சி ஓய்வுநேர அட்டை என்று ஒன்றைக் கொண்டுவந்தது. 6 முதல் 18 வயது வரை உள்ள ஒவ்வொரு பிள்ளையின் பெயரிலும் வருடத்துக்கு ஒரு தொகை. கையில் காசாகத் தர மாட்டார்கள். பெற்றோர் இணையத்தில் நுழைந்து ஒரு கிளப்பையோ இசைப்பள்ளியையோ தேர்ந்தெடுத்தால் கட்டணத்தில் அந்தத் தொகை கழியும். ஒரு காலத்தில் 35,000 குரோனாவாக (ஐஸ்லாந்து நாணயம்) இருந்தது, 2017-ல் 50,000 ஆகி, 2023-ல் 75,000 ஆனது. யார் பயன்படுத்தினார்கள், எந்தப் பேட்டையில் எத்தனை பேர் என்று இந்தக் கணக்கு துல்லியமாகச் சொல்லும். ஆனால் நின்றுபோன பையன் இதிலும் "பயன்படுத்தியவர்" பட்டியலில்தான் இருப்பான். பணம் கட்டியாயிற்றே!

மூன்றாவது, பிள்ளையையே கேட்பது. வகுப்பறையில் உறைக்குள் போகும் அந்தத் தாள். இதில் மட்டும்தான் மூன்று பிள்ளைகளும் மூன்று விதமாகத் தெரிவார்கள்.

பிள்ளைகள் பொய் எழுத மாட்டார்களா என்று கேட்பார்கள். சிலர் எழுதத்தான் செய்வார்கள். ஆனால் பயிற்சிக்கு எத்தனை முறை போகிறேன் என்பதில் பொய் சொல்ல ஒரு பிள்ளைக்குப் பெரிய காரணம் இல்லை. பெயர் இல்லாத உறை இருக்கிறபோது இன்னும் இல்லை. அதோடு, ஒரே கேள்வியை ஒரே வார்த்தைகளில் வருடக்கணக்காகக் கேட்கும்போது மிகைப்படுத்துகிறவர்கள் எல்லா வருடமும் ஏறக்குறைய அதே அளவில் இருப்பார்கள். ஏற்ற இறக்கத்தை நம்பலாம். தொண்ணூறுகளில் எழுதிய கேள்வியைப் புதிதாக வந்த அதிகாரி அழகுபடுத்தாமல் விட்டுவைப்பது பெரிய ஒழுக்கம். கேள்வியின் வார்த்தையை மாற்றிவிட்டால் பழைய எண்ணோடு புதிய எண்ணை ஒப்பிடவே முடியாது.

ஆம் இல்லை என்ற கேள்வியின் பயனின்மை

இந்த இடத்தில் என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். சில வருடம் முன்பு, சின்ன ஊர் ஒன்றில் மாலை நேர விளையாட்டும் நூலகமும் சேர்ந்த ஒரு திட்டத்துக்கு நான் படிவம் தயாரித்துக் கொடுத்தேன். "நீங்கள் மாலை நேரச் செயல்பாடுகளில் பங்கேற்கிறீர்களா? ஆம் / இல்லை." அவ்வளவுதான் கேள்வி. படிவங்கள் கட்டாகத் திரும்பி வந்தன. எல்லாவற்றிலும் "ஆம்". மாதம் ஒரு தடவை கேரம் ஆட வந்துபோகிற பையனும் ஆம், தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு வலையைக் கட்டிவிட்டு மற்றவர்களுக்காகக் காத்திருக்கும் பெண்ணும் ஆம். அந்தக் கட்டை வைத்துக்கொண்டு என்னால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. தவறு பிள்ளைகளுடையது இல்லை, கேள்வி எழுதிய என்னுடையது.

ஐஸ்லாந்துப் படிவம் ஆம், இல்லை என்று கேட்பதில்லை. கிட்டத்தட்ட ஒருபோதும் இல்லை என்பதில் தொடங்கி, வாரத்துக்கு ஒரு முறை, சில முறை, ஏறக்குறைய தினமும் என்ற மாதிரி படிப்படியாக ஏறுகிறது. ஆய்வாளர்கள் எடுத்துக்கொண்ட அளவு வாரத்துக்கு நான்கு முறை அல்லது அதற்கு மேல். அந்த அளவில் பார்த்தால், கிளப் விளையாட்டில் இருந்த 15, 16 வயதுப் பிள்ளைகள் 1997-ல் 24 சதவீதம், 2012-ல் 42 சதவீதம். அதே காலத்தில், வாரநாட்களில் அடிக்கடி அல்லது எப்போதும் பெற்றோரோடு நேரம் கழிப்பதாகச் சொன்னவர்கள் 23 சதவீதத்திலிருந்து 46 சதவீதம் ஆனார்கள்.

நான்கு முறை என்ற எல்லைக்கோட்டை ஏன் பிடித்துக்கொள்ள வேண்டும்? பள்ளி விட்டு இரவுச் சாப்பாடு வரைக்கும் ஒரு பிள்ளைக்கு வாரத்தில் ஐந்து மாலைகள். நான்கில் பயிற்சி என்றால் நண்பர் வட்டமே அந்தக் குழுதான். பயிற்சியாளருக்கு அவன் முகத்தைப் பார்த்தாலே ஏதோ சரியில்லை என்று தெரியும். சனிக்கிழமை காலையில் ஆட்டம் இருந்தால் வெள்ளி இரவு தானாகவே சுருங்கிவிடும். வாரத்துக்கு ஒரு முறை போய்வருகிறவனுக்கு இது எதுவும் நடக்காது. "உறுப்பினர்" என்ற ஒரே வார்த்தைக்குள் இந்த இரண்டு பிள்ளைகளையும் போட்டுக் கட்டுவதுதான் கணக்கெடுப்புகளின் பழைய வியாதி.

ஆனால் இந்தக் கோட்டில் எனக்கு ஒரு வருத்தமும் உண்டு. வயலின் கற்கும் பெண் வாரத்தில் ஒரு நாள் வாசிப்புப் பாடத்துக்கும் ஒரு நாள் இசைக் கோட்பாட்டு வகுப்புக்கும் போவாள். வீட்டில் தினமும் ஒரு மணி நேரம் சாதகம் பண்ணுவாள். நான்கு முறை என்ற கோட்டுக்கு அவள் எட்ட மாட்டாள். ஐஸ்லாந்தில் உள்ளாட்சிகள் பணம் கொடுத்து நடத்தும் இசைப்பள்ளிகள் சின்னச் சின்ன ஊர்களில்கூட உண்டு. மீட்புப் படைச் சங்கத்துக்கு இளையோர் அணிகள் உண்டு, அதில் பிள்ளைகள் கயிறு கட்டவும் பனியில் ஆளைத் தேடவும் கற்கிறார்கள். சாரணர் உண்டு, பேட்டை இளையோர் மையங்கள் உண்டு. இவற்றில் பெரும்பாலானவை வாரத்துக்கு ஓரிரு முறைதான் கூடும். எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் விளையாட்டு எப்போதும் ஜெயிக்கும். ஒரு பிள்ளை செய்யும் எல்லாச் செயல்பாடுகளையும் சேர்த்து வாரத்தில் எத்தனை மாலை நிறைந்திருக்கிறது என்று கூட்டிப் பார்ப்பதுதான் நியாயம் என்பது என் கருத்து.

தெருவில் உதைக்கும் பந்து, கிளப்பில் உதைக்கும் பந்து

மூன்றாவது பையனுக்கு வருவோம். கிளப் இல்லாமல் தினமும் ஆடுகிறவன். உடம்பு அசைகிறது, நண்பர்கள் இருக்கிறார்கள், மூச்சு வாங்குகிறது. மருத்துவர் கேட்டால் சந்தோஷப்படுவார். அவனையும் கிளப்புக்குப் போகிறவனையும் ஒன்றாக எண்ணினால் என்ன குறைந்துவிடும்?

2014-ல் வெளியான ஆய்வு ஒன்றில் ஐஸ்லாந்துச் சமூகவியலாளர்கள் இதைத்தான் பிரித்துப் பார்த்தார்கள். ஒழுங்கமைந்த கிளப்பில் ஆடும் பிள்ளைகள் குடிப்பதற்கான வாய்ப்பு குறைவாக இருந்தது. தாங்களாகவே ஆடும் பிள்ளைகளிடம் அந்தப் பாதுகாப்பு தெரியவில்லை. ஓடுவதும் உதைப்பதும் இரண்டு பக்கமும் ஒன்றுதான். அப்படியானால் காப்பாற்றியது பந்து இல்லை. நேரத்துக்கு வரும் ஒரு பெரியவர், விதி, பொறுப்பு, "நேற்று ஏன் வரவில்லை?" என்று கேட்க ஓர் ஆள். படிவத்தில் இரண்டு கேள்விகளைத் தனித்தனியே வைக்காமல் "விளையாடுவாயா?" என்று ஒன்றாகக் கேட்டிருந்தால் இந்த உண்மை வெளியே வந்திருக்காது.

ஐஸ்லாந்துக் கிளப் எப்படி இருக்கும் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் இது புரியும். பெரும்பாலும் ஒரு பேட்டைக்கு ஒரு கிளப். அதற்குள்ளேயே கால்பந்து, ஹேண்ட்பால், கூடைப்பந்து எல்லாம். நிர்வாகக் குழுவில் இருப்பவர்கள் அந்தப் பேட்டைப் பெற்றோர்கள், சம்பளம் இல்லாமல் உழைக்கிறார்கள். பயிற்சியாளர்கள் முறையாகப் படித்துச் சம்பளம் வாங்குகிறவர்கள். சின்ன வயதில் திறமையைப் பார்த்து யாரையும் வடிகட்டி அனுப்புவதில்லை. 2000-ல் தொடங்கி முழு அளவு உள்ளரங்கக் கால்பந்துக் கூடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. மைனஸ் குளிரிலும் பிள்ளைகள் ஆட முடிந்தது. 2016 ஐரோப்பியக் கோப்பையில் இங்கிலாந்தை 2-1 என்று வீழ்த்திய அணியைப் பார்த்து உலகம் வாய்பிளந்தபோது, அந்தக் கூடங்களைப் பற்றித்தான் எல்லோரும் எழுதினார்கள்.

வேறு சில நாடுகளின் ஆய்வுகளில், விளையாட்டு அணியில் இருக்கும் இளைஞர்கள் மற்றவர்களைவிட அதிகமாகக் குடிப்பதாகவும் தெரிகிறது. ஆட்டம் முடிந்ததும் பீர் பாட்டிலைத் திறப்பதுதான் அந்த அணியின் பழக்கம் என்றால், வாரம் நான்கு முறை போவது அந்தப் பழக்கத்துக்குள் நான்கு முறை போவதுதான். ஆகவே "ஒழுங்கமைந்தது" என்ற வார்த்தையைப் படிவத்தில் போட்டால் மட்டும் போதாது. யார் நடத்துகிறார்கள், பெரியவர் யாராவது இருக்கிறாரா, அவர் பயிற்சி பெற்றவரா என்று தெரியாமல் பங்கேற்பு எண்ணைப் படிக்கவே கூடாது.

எண் எங்கே திரும்பிப் போனது

இந்த ஆய்வில் என்னை அதிகம் தொட்ட பகுதி இதுதான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

ஐஸ்லாந்தில் மாதிரி எடுத்துக் கேட்கவில்லை. அன்றைக்கு வகுப்பில் இருக்கும் எல்லாப் பிள்ளைகளையும் கேட்டார்கள். ஒரு வகுப்புக்கு நாடு முழுவதும் சுமார் நாலாயிரம் பிள்ளைகள்தான் என்பதால் இது முடிந்தது. பதில் தருவோர் பொதுவாக 80 சதவீதத்துக்கு மேல். மாதிரி எடுத்திருந்தால் நாட்டு நிலவரம் கிடைத்திருக்கும். ஆனால் ஒரு பேட்டையின் நிலவரம், ஒரு பள்ளியின் நிலவரம் கிடைத்திருக்காது.

அப்புறம் வேகம். தாள்கள் சேகரித்து ஏறக்குறைய இரண்டு மாதத்துக்குள் உள்ளாட்சிகளுக்கும் பள்ளிகளுக்கும் அவரவர் எண்கள் திரும்பிப் போய்விடும். பிப்ரவரியில் கேட்டது, கோடை விடுமுறை தொடங்குவதற்குள் பெற்றோர் கூட்டத்தில் திரையில் தெரியும். நாட்டுச் சராசரி இது, நம் ஊர் இது. மேசையைச் சுற்றிப் பள்ளித் தலைமையாசிரியர், கிளப் ஆள், இளையோர் மையத்து ஊழியர், காவலர், பெற்றோர்.

ஒரு நாட்டுச் சராசரியைக் கேட்டுவிட்டு யாரும் தூக்கம் கெட்டு எழுந்து உட்கார்ந்ததில்லை. "உங்கள் பள்ளியில், இந்த வருடம், ஒன்பதாம் வகுப்பில்" என்று சொன்னால் கதை வேறு. பெற்றோர் கூடி ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள்: பெரியவர் இல்லாத வீட்டில் விருந்து வைக்க விடமாட்டோம், இரவு நேர விதியை எல்லோரும் ஒன்றாகக் கடைப்பிடிப்போம் என்று. எல்லா வீட்டிலும் பத்து மணி என்றானபின் "அவனை மட்டும் விடுகிறார்களே" என்ற பிள்ளையின் வாதம் எடுபடாமல் போனது. வார இறுதி இரவுகளில் பெற்றோர்கள் குழுவாகத் தங்கள் பேட்டையைச் சுற்றி நடந்தார்கள். யாரையும் பிடிக்க இல்லை, கண்ணில் படுவதற்காக. பேட்டை இளையோர் மையத்தை எந்த இரவில் திறந்துவைப்பது, எந்தக் கிளப்புக்குப் பணம் கொடுப்பது என்று முடிவெடுக்கவும் நகராட்சியின் கையில் தன் ஊர் எண் இருந்தது.

இரண்டு, மூன்று வருடம் கழித்து அழகான அட்டையோடு அறிக்கை வரும்போது, அந்தப் பிள்ளைகள் பள்ளியை விட்டே போயிருப்பார்கள். அவர்களுக்காகக் கூட்டம் போட்டு என்ன பயன்? பங்கேற்பு எண் பால் மாதிரி. அன்றன்றைக்கு வீட்டுக்கு வந்தால்தான் காய்ச்ச முடியும்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. பன்னிரண்டு பிள்ளைகள் மட்டும் இருக்கும் வகுப்பின் எண்ணை வெளியிட்டால், பெயர் இல்லாவிட்டாலும் ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். "ஒருவர் தினமும் புகைக்கிறார்" என்றால் அந்த ஊரில் அது யார் என்று எல்லோருக்கும் தெரியும். உள்ளூர் எண் வேண்டும் என்பதும், பிள்ளையின் ரகசியத்தைக் காக்க வேண்டும் என்பதும் ஒன்றையொன்று இழுக்கும் இரண்டு கயிறுகள். சின்ன வகுப்புகளைச் சேர்த்துச் சொல்வதைத் தவிர இதற்கு நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

கணக்குக்குள் வராதவர்கள்

80 சதவீதத்துக்கு மேல் பதில் என்றால் பெருமையான எண்தான். மீதிப் பிள்ளைகள் எங்கே? அன்றைக்குப் பள்ளிக்கு வராதவர்கள். காய்ச்சலில் படுத்தவர்களும் இருப்பார்கள், பள்ளிப் பக்கமே வர மனமில்லாதவர்களும் இருப்பார்கள். இரண்டாவது வகைப் பிள்ளைகள் கிளப்பிலும் இருக்க வாய்ப்புக் குறைவு. யாரைப் பற்றித் தெரிந்துகொள்ள மிகவும் வேண்டுமோ அவர்கள்தான் தாளிலிருந்து நழுவுகிறார்கள்.

ரெய்க்யவிக்கின் பிரெய்த்ஹோல்ட் பகுதியைப் பாருங்கள். வெளிநாட்டிலிருந்து வந்த குடும்பங்கள் நிறைய இருக்கும் இடம், வருமானம் குறைந்த வீடுகளும் கூடுதல். ஓய்வுநேர அட்டையை மிகக் குறைவாகப் பயன்படுத்திய பகுதி அதுதான். ஐஸ்லாந்து மொழி பேசாத வீட்டுப் பிள்ளைகள் கிளப்புகளில் குறைவாக இருப்பதையும் ஆய்வுகள் தொடர்ந்து காட்டின. பணம் பிள்ளையின் பெயரிலேயே இருக்கிறது, யாரும் தடுக்கவில்லை, ஆனாலும் போகவில்லை. ஏன்? படிவம் தெரியாத மொழியில் இருக்கிறது. இரண்டு வேலை பார்க்கும் அம்மாவுக்குப் பயிற்சிக்குக் கூட்டிப்போக நேரம் இல்லை. தான் வளர்ந்த ஊரில் கிளப் என்பதே பணக்காரப் பிள்ளைகளின் சமாச்சாரம் என்று நினைக்கிற அப்பாவும் இருக்கலாம். சில வீடுகளில் அட்டைப் பணத்தைச் சின்னப் பிள்ளைகளைப் பள்ளி விட்டபின் பார்த்துக்கொள்ளும் இடத்துக்குக் கட்டிவிட்டார்கள். அந்த வீட்டுக்கு அதுதான் அவசியமாக இருந்தது. நகராட்சிக் கணக்கிலோ அதுவும் "பயன்படுத்தியவர்" என்ற ஒற்றை வரி.

நாடு தழுவிய 42 சதவீதம் என்ற எண்ணை வாசிக்கும்போது இந்தப் பகுதியின் எண்ணையும் பக்கத்தில் வைத்துத்தான் வாசிக்க வேண்டும். சராசரி ஏறும்போது அடித்தட்டில் இருப்பவர்களும் ஏறினார்களா என்பதைச் சராசரி சொல்லாது.

காரணம் பற்றி நேர்மையாகச் சொல்ல வேண்டியது

பங்கேற்பு ஏறியது, குடி இறங்கியது, ஆகவே பங்கேற்புதான் குடியை இறக்கியது என்று பலர் எழுதிவிட்டார்கள். அவ்வளவு சுலபமாகச் சொல்ல முடியாது. குடிக்க ஆரம்பிக்கிற பிள்ளை தானாகவே பயிற்சியிலிருந்து நழுவிவிடுவான். அப்போது கிளப்பில் மிஞ்சுகிறவர்கள் குடிக்காதவர்களாகத்தானே இருப்பார்கள்? அதே வருடங்களில் இரவு நேர விதி, பெற்றோர் ஒப்பந்தம், மது, புகையிலை விளம்பரத் தடை எல்லாம் ஒன்றாகவே நடந்தன. ஐரோப்பாவின் வேறு பல நாடுகளிலும் 2000-க்குப் பிறகு பள்ளிப் பிள்ளைகளின் குடியும் புகையும் குறைந்தன. ஐஸ்லாந்தின் சரிவு அவற்றைவிடச் செங்குத்தானது என்பது உண்மைதான். ஆனாலும் காற்று எல்லா இடத்திலும் அதே திசையில்தான் வீசியது.

2010-ல் வெளியான ஓர் ஆய்வு, கணக்கெடுப்பு, பெற்றோர் கூட்டம், கிளப் எல்லாம் சேர்ந்த இந்தத் திட்டத்தை முழுமையாக எடுத்துக்கொண்ட ஊர்களையும் எடுத்துக்கொள்ளாத ஊர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தது. எடுத்துக்கொண்ட ஊர்களில் பெற்றோரின் கண்காணிப்பு கூடுதலாக ஏறியது, குடி கூடுதலாகக் குறைந்தது. கிளப் விளையாட்டில் தெரிந்த வித்தியாசம் சிறியது. இதை நான் விளையாட்டுக்கு எதிரான சான்றாக எடுத்துக்கொள்ளவில்லை, எல்லா ஊரிலும் கிளப்புகள் வளர்ந்த காலம் அது. ஆனால் பயிற்சிக்கு அனுப்பிவிட்டால் வீட்டின் வேலை முடிந்தது என்று நினைக்கிறவர்கள் இந்த வரியைக் கவனமாகப் படிக்க வேண்டும்.

இந்த அளவுகோல் அறவே தொடாத இன்னொரு விஷயமும் இருக்கிறது. பிள்ளை எத்தனை முறை போகிறான் என்று தெரிகிறது. அங்கே அவன் பேச்சுக்கு மதிப்பிருக்கிறதா, எதையாவது அவனே முடிவு செய்கிறானா, வீட்டுக்குத் திரும்பும்போது முகம் எப்படி இருக்கிறது என்று அந்த எண்ணில் தெரியாது. ஐஸ்லாந்தின் இளையோர் மையங்களில் அந்த வார நிகழ்ச்சியைத் திட்டமிடுவதில் பிள்ளைகளுக்கும் பங்கு உண்டு. அங்கே ஒரு மாலை கழிப்பதும், கத்துகிற பயிற்சியாளரின் கீழ் ஒரு மாலை கழிப்பதும் கணக்கில் ஒரே "ஒரு முறை".

லிதுவேனிய நகரங்கள் 2006-லிருந்தும், அயர்லாந்தின் மேற்கில் கால்வே, மேயோ, ராஸ்காமன் மாவட்டங்கள் 2018-லிருந்தும் இந்தக் கணக்கெடுப்பைத் தங்கள் பள்ளிகளில் நடத்தின. சிலேயும் சேர்ந்தது. அங்கெல்லாம் முதலில் போய்ச் சேர்ந்தது உறையும் தாளும்தான். கூடங்களும் பயிற்சியாளர்களும் கட்டணத் தொகையும் அவரவர் உண்டாக்கிக்கொள்ள வேண்டியவை.

என் படிவத்துக்கு வருகிறேன். ஐஸ்லாந்துத் தாளைப் படித்தபின் அந்த ஒற்றைக் கேள்வியை எடுத்துவிட்டு ஏழு கட்டங்கள் வரைந்தேன். திங்கள் முதல் ஞாயிறு வரை. "போன வாரம் எந்தெந்த நாள் வந்தாய்? வந்த நாளில் பெரியவர் யார் இருந்தார்?" இரண்டே வரி. பிள்ளைகள் ஐந்து நிமிடத்தில் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். அன்று சாயங்காலமே தரையில் தாள்களைப் பரப்பிப் பார்த்தோம். புதன்கிழமைக் கட்டம் மட்டும் வரிசையாகக் காலி. விசாரித்தால், புதன்கிழமை மாஸ்டர் பக்கத்து ஊருக்கு வேறு வேலையாகப் போய்விடுகிறார், வலை அவர் வீட்டுத் திண்ணையில் கிடக்கிறது, சாவி யாரிடமும் இல்லை. அடுத்த வாரம் சாவியை அந்த ஐந்து மணிப் பெண்ணிடம் கொடுத்தோம்.